முதுகுக்குச் சொன்னது

கூரியர் அலுவலகத்தின் புகார் கவுண்டரில் உட்காருகிறவள் நான். உடைந்த கண்ணாடி, நசுங்கிய பெட்டி, முகவரி மாறிப் போன கவர் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். "இங்கேர்ந்து கிளம்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்பது எங்கள் அலுவலகத்தில் தினமும் பாடுகிற பாட்டு. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை அதையே பாடிவிட்டு வீட்டுக்கு வருவேன். அதனால் ஒருவர் சப்பைக்கட்டு கட்டுகிறார் என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நானே, காது மிஷின் கடைக்காரர்கள் சொன்னதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

மிஷின் அம்மாவுக்கு. அம்மா தறி ஆலையில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து, தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தாள். அந்தக் கூடத்துக்குள் போனால் தறிச் சத்தத்தில் நம் குரலே நமக்குக் கேட்காது. சின்ன வயதில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன், பெண்கள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். சூப்பர்வைசர் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே அவருடைய நடையையும் தொப்பையையும் கிண்டல் செய்து முடித்துவிடுவார்கள். அவர் போன பிறகு சிரிப்பார்கள். தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதைத் தின்றுவிட்டது. ஆலையை விட்டு வந்தபோது பாதி கேட்டது. பிறகு அதுவும் போனது.

அது போன சமயத்தில்தான் நான் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வாசலில் நின்று "சண்டை" என்று மட்டும் சொன்னேன். அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள், எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லும் பதில் அவளுக்குக் கேட்காதே, அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் புருஷன் வீட்டார் போடாத, என் அப்பா வாங்கித் தந்த இரண்டு வளையல் இருந்தது. விற்றுவிட்டுக் காது மிஷின் வாங்கினேன். யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்ற நிலைமையில் இருந்தேன், எனக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை.

கடையில் ஒரு வெள்ளைக்கோட்டுக்காரர் இருந்தார். நல்ல மனிதர்தான். அம்மாவின் காதில் மிஷினைப் பொருத்தி, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, வயசு என்ன ஆச்சு? சாப்பிட்டீங்களா? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். அம்மா ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். மிஷினின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "ஃபஸ்ட் கிளாஸ்," என்றார்.

"கேக்குதாம்மா?" என்று நானும் கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வளையல் இல்லாத என் மொட்டைக் கையைப் பார்த்தாள். "நல்லாக் கேக்குது," என்றாள். நான் அந்தக் கடையிலேயே அழுதுவிட்டேன்.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. தறியில் எட்டி எட்டி வேலை செய்து தோள்பட்டை இறுகிப் போனதால் கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. நான்தான் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சிக்கெடுத்துப் பின்னிவிடுவேன். அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், நான் பின்னால் நிற்பேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அங்கே நின்றுதான் சொன்னேன். அவர் முதல்முறை கை ஓங்கியது எதற்காக என்று சொன்னேன். உப்பு கூடிப்போனதற்காக. பிறகு காரணமே தேவைப்படாமல் போனதைச் சொன்னேன். கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் பெட்டியில் விழுந்த கீறலுக்கெல்லாம் சமாதானம் சொல்லிவிட்டு, என் முதுகில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனதைச் சொன்னேன். ஒரே நாளில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் எடுத்துக்கொண்டு.

அம்மா "ம்" என்பாள். அவ்வளவுதான். குறுக்கே பேசமாட்டாள், திரும்பிப் பார்க்கமாட்டாள், "அடப்பாவி" என்று தலையில் அடித்துக்கொள்ளமாட்டாள். நான் நிறுத்தினால் ஒரு "ம்". தொடர்ந்தால் தொடரவிடுவாள். இப்படி நாசூக்குத் தெரிந்த அம்மா யாருக்கு வாய்க்கும் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப்போனேன்.

ஒருநாள் சித்தப்பா மூலமாக அவர் சொல்லி அனுப்பினார். வருவதாக இருந்தால் உடனே வரட்டும், இல்லையென்றால் விவாகரத்துப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். அன்றைக்கு என் கையில் சீப்பு ஓடவில்லை. "நான் போகலேன்னா தப்பாம்மா? இங்கேயே இருந்துடட்டுமா?" என்று அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்துக் கேட்டேன்.

"ம்," என்றாள் அம்மா.

மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். எனக்கு உறைக்கவே இல்லை. அம்மா சரியென்று சொல்லிவிட்டாள், அப்புறம் எவன் என்ன சொன்னால் என்ன? அந்த ஒரு "ம்"மைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

பிறகு தண்ணீர் லாரி அம்மாவை இடித்தது. தெருமுனையில் லாரி பின்பக்கமாக வந்திருக்கிறது, இவள் பாட்டுக்கு நடுவில் போயிருக்கிறாள். முன்கை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. லாரிக்காரர் ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார். "ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டேங்க. ஜனங்களும் கத்துனாங்க. அவங்க திரும்பவே இல்லீங்க," என்று என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

நான் அம்மாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "கவனத்தை எங்கம்மா வச்சுட்டு நடந்தே? அவ்வளவு ஹாரன் கேக்கலியா?"

அம்மா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "வெளியே போனா அது அவ்வளவா கேக்கறதில்லடி," என்றாள். மிஷினைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

கடைக்குப் போனோம். மேனேஜர் மிஷினை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "லைட் எரியுது பாருங்க." வெள்ளைக்கோட்டுக்காரர் மறுபடி ஸ்டூலை இழுத்து எதிரே போட்டார். "கை எப்படிம்மா இருக்கு?"

"வலிக்குதுப்பா."

"தூக்கம் வருதா?"

"எங்கே வருது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம். கிளியர். பெரியவங்கதான் ரோட்டுல பாத்துப் போகணும்." சுவரில் மாட்டியிருந்த பலகையையும் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. நான் நகராமல் நிற்கவே, குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. வயசானவங்க சில நேரம், பிள்ளைங்க கவனிக்கணும்னு கூட இப்படிச் சொல்வாங்க," என்றார்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷினில் ஓட்டை என்று சொன்னால் என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்குவாயா? எத்தனை பேருக்கு நான் இதே பாட்டைப் பாடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. அது வேறு கதை. நேராக நுகர்வோர் மன்றத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். வெளியில் போனால் மிஷின் வேலை செய்வதில்லை, நல்ல மிஷின் வேண்டும், அம்மா பொய் சொல்லவில்லை என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விசாரணை அறை பழைய பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இருந்தது. நீளமான பெஞ்சுகள், தலைக்கு மேல் முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. தலைவர் ஒரு பெண்மணி. கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. அதற்கு மேலாகத்தான் எல்லாரையும் பார்த்தார். கடையிலிருந்து மேனேஜரும் வெள்ளைக்கோட்டுக்காரரும் வந்திருந்தார்கள். கோட்டு இல்லாததால் அவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

மேனேஜர் மனப்பாடமாகச் சொன்னார். "விக்கும்போது டெஸ்ட் பண்ணோம். புகார் வந்தப்பவும் டெஸ்ட் பண்ணோம். ரெண்டு தடவையும் இவங்களே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாங்க. வாய் நிறைய நல்லாக் கேக்குதுன்னும் சொன்னாங்க மேடம்."

"மிஷினைச் சோதிக்கற கருவியில வச்சுப் பாக்கலியா?" என்றார் தலைவர்.

"கஸ்டமரே கேக்குதுன்னு சொன்ன பிறகு எதுக்கு மேடம்?"

தலைவர் அம்மாவைப் பார்த்தார். "தினமும் போட்டுக்கறீங்களாம்மா?"

"போட்டுக்கறேன்மா."

தலைவர் குனிந்து எழுதிக்கொண்டே, "படுக்கும்போது கழட்டி வச்சுடுவீங்களா?" என்றார். அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தலைவர் நிமிர்ந்து அதையே மறுபடி கேட்டார். "கழட்டி டப்பாவுல வச்சுடுவேன்," என்று உடனே பதில் வந்தது.

தலைவர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு வேண்டுமென்றே காகிதத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "பேட்டரி யார் மாத்துவாங்க?" என்று சற்று உரக்கவே கேட்டார். பதில் இல்லை. பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க எங்கம்மா வேலை பாத்தீங்க?"

"தறியிலம்மா."

"சரி," என்றார் தலைவர். வெள்ளைக்கோட்டுக்காரரைக் கூப்பிட்டார். "நீங்க எழுந்து அந்தம்மாவுக்குப் பின்னால போய் நில்லுங்க. அங்கேர்ந்து உங்க டெஸ்ட்டைப் பண்ணுங்க."

அவர் போய் நின்றார். "அம்மா, வயசு என்ன ஆச்சு?" என்றார். அம்மா மரியாதையாகத் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று குரலை உயர்த்தினார். பிறகு ஏறக்குறைய கத்தினார். "அம்மா, எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?" வெளியே நின்ற பியூன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அம்மா என் பக்கம் திரும்பி, "அந்தத் தம்பி இன்னும் கேக்க ஆரம்பிக்கலியா?" என்றாள்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைக்கோட்டுக்காரர் முன்னால் வந்து, அம்மாவிடம் கேட்டு மிஷினைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு சின்ன ஊசியால் மூடியை நெம்பித் திறந்தார். "விளக்குக்கு மட்டும்தான் மேடம் கரண்ட் போகுது. சத்தம் வர்ற பக்கம் ஒயர் வைக்கவே இல்ல. செய்யும்போதே விட்டிருக்காங்க." மூடியைத் திரும்பப் போட்டார். "ஒரு நாள்கூட இது வேலை செஞ்சிருக்காது."

"உதட்டைப் பாத்துத்தான் பதில் சொல்லிட்டு இருந்தீங்களாம்மா?" என்று தலைவர் கேட்டார். "கேக்கலேன்னு ஏன் சொல்லல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இவ்வளவு விலை குடுத்து வாங்குன சாமான் நல்லாத்தான் இருக்கும், என் காதுதான் வீணாப் போச்சுன்னு நினைச்சேன்மா. லைட்டும் எரிஞ்சுது. இவ கையில வளையல் இல்ல. கேக்கலேன்னு எப்படிச் சொல்றது?"

மேனேஜர் பலகையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். "போர்டு நீங்க மாட்டினது. சட்டம் நீங்க எழுதினது இல்ல," என்று தலைவர் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, என்னிடம் சொன்னார். "மத்தியானம் உத்தரவு போடறேன். புது மிஷின், கை வைத்தியச் செலவு ரெண்டும் மனுவுல இருக்கு. வேற இழப்பு இருந்தாலும் யோசிச்சு வந்து சொல்லுங்க."

நான் குதித்திருக்க வேண்டும். வழக்கு ஜெயித்தாயிற்று, அம்மா பொய் சொல்லவில்லை, கடைக்காரன் மூக்கு உடைந்தாயிற்று. ஆனால் நான் அம்மாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கோட்டுக்காரர் நின்று கத்திய இடத்தில்தான் நான் ஒரு வருஷமாக நின்று பேசியிருக்கிறேன். அவர் கத்தினார். நான் கத்தக்கூட இல்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆட்கள் கட்டுக் கட்டாகக் காகிதங்களோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டேன்.

"தலை பின்னிவிடும்போது நான் பேசினது ஒண்ணும் கேக்கலியா?"

"கழுத்துல மூச்சு படும். நீ ஏதோ பேசறேன்னு தெரியும்."

"அப்புறம் ம் ம்னு சொன்னியே?"

"சீப்பு நின்னா ம் சொல்வேன். நீ ஆபீஸ் கதை ஏதாவது சொல்றியாக்கும்னு நினைச்சேன்." பிறகு, "முக்கியமான விஷயத்தை யாராவது முதுகுக்குச் சொல்வாங்களாடி?" என்றாள். "தறியில நாங்க அப்படிப் பேசவே மாட்டோம். தோளைத் தொட்டுத் திருப்பி, முகம் வந்தப்புறம்தான் பேச்சு. நீ எதுக்கு வந்தேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஆறவே இல்ல. சரி, சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு வருஷமாக நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்ட நிம்மதியில் இருந்தேன். அவளோ, மகள் தன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்ற வருத்தத்தில் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு.

அங்கேயே சொன்னேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் குரல் எழவில்லை, உதடுதான் அசைந்தது. அம்மாவுக்கு அது போதும். உப்பில் ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஒருமுறை, கட்டுப் போடாத கையால் என் முதுகை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் "அடப்பாவி" என்று சொல்லாததைப் பெருந்தன்மை என்று நினைத்தேனே, இப்போது சொன்னாள். மூன்று நான்கு முறை சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாக, சித்தப்பா வந்த அன்றைக்கு நான் என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன். "நீ ம்னு சொன்னே. அதை வச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அம்மா பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் போயிருப்பேன். அம்மா ஏற்கெனவே ஒரு வருஷம் பொய் சொல்லிக் களைத்திருந்தாள்.

"எனக்குக் கேட்டிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். "பொறுத்துப் போடி, எல்லாம் சரியாப் போயிடும்னு சொல்லியிருப்பேன். நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்து கொண்டுபோய் விட்டிருப்பேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகுதான் புரிந்தது. யாரோ சொல்லித்தான் நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாருமே சொல்லவில்லை. நானேதான் கேட்டேன், நானேதான் போகாமல் இருந்தேன்.

பியூன் வந்து உள்ளே கூப்பிட்டார். தலைவர் உத்தரவைப் படித்துக் காட்டினார். புது மிஷின், கருவியில் வைத்துச் சோதித்த சான்றோடு. வைத்தியச் செலவு. எழுத்தில் மன்னிப்பு. பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வேற இழப்பு ஏதாவது சேக்கணுமா? இப்பவே சொல்லிடுங்க."

நான் யோசித்தேன். ஒரு வருஷம் நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட அம்மாவைப் போய்ச் சேரவில்லை. அது இழப்பு இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்த ஒயரை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தால் நான் இன்றைக்கு அவர் வீட்டில் இருப்பேன். இதை எந்தக் கணக்கில் எழுதச் சொல்வது?

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அம்மாவுக்கு மன உளைச்சல்னு போடுங்க," என்றேன்.

அம்மா என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து நின்றாள். "எனக்கு வேண்டாம். அவளுக்கு எழுதுங்கம்மா," என்றாள் தலைவரிடம். "ஒரு வருஷமா தனியாவே பேசிட்டு இருந்திருக்கா."

தலைவர் ஏதும் கேட்காமல் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.